கடும் பயிற்சி, ஓய்வு, பலம்: ஜிம்மில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு சின்ன ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். விடியற்காலையில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பசங்க, அப்புறம் கபடி ஆடுகிறவர்கள், இருட்டியபின் கடையைச் சாத்திவிட்டு வரும் வியாபாரிகள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலையும் கீழே எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. சுகர், பிரஷர், இதயம், கிட்னி என்று ஏதாவதொன்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், எக்சர்சைஸ் பண்ணா சதை கிழிஞ்சு, கிழிஞ்ச எடத்துலதான் புதுசா வளருதாமே, நெஜமா?

பாதிதான் நிஜம். கடுமையாகப் பயிற்சி செய்தால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதம் வரும். ஆனால் வளர்ச்சிக்குக் காரணம் அந்தச் சேதம் இல்லை. பாரத்தை எதிர்த்துத் தசை இழுபடும்போது உண்டாகும் விசைதான் உடம்புக்கு 'இங்கே இன்னும் பலம் வேணும்' என்று தகவல் சொல்கிறது. சேதம் கூடினால் வளர்ச்சியும் கூடும் என்று நினைக்காதீர்கள். அளவு மீறினால் இருக்கிற சத்தெல்லாம் ரிப்பேர் வேலைக்கே போய்விடும்.

பயிற்சி முடிந்ததும் தசைக்குள் புதுப் புரதம் கட்டும் வேலை வேகமெடுக்கும். அந்த வேகம் ஏறத்தாழ 24 மணி முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். பல வருஷமாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சீக்கிரமே அடங்கிவிடும். பறித்து நட்ட நாற்று ரெண்டு மூணு நாள் வாடி நின்றுவிட்டு அப்புறம்தானே பச்சை பிடிக்கிறது, அது மாதிரிதான். ஜிம்மில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் நீங்கள் பலமாவதில்லை, சொல்லப்போனால் வரும்போது இருந்ததைவிடப் பலம் குறைந்துதான் வெளியே போகிறீர்கள்.

மறுநாள் மாடிப்படி எறங்க முடியல. அது லாக்டிக் ஆசிட் சேர்ந்ததுனாலயா?

இல்லை. பயிற்சியின்போது உண்டாகும் லாக்டேட் (நீங்கள் லாக்டிக் ஆசிட் என்று சொல்வது) ஒரு மணி நேரம், மிஞ்சினால் கொஞ்சம் கூட, அதற்குள் ரத்தத்திலிருந்து காலியாகிவிடும். உங்கள் வலி மறுநாள்தான் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. சிறு சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம். பாரத்தைத் தூக்கும்போது வருவதைவிட, இறக்கும்போதுதான் இந்த வலி அதிகம் வரும். பஸ்கியில் கீழே உட்காரும் பாதி, புல்-அப்ஸில் இறங்கும் பாதி இரண்டும் அப்படித்தான்.

அப்போ வலிக்கலைன்னா செஞ்சது வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. அதே பயிற்சியை மறுபடி செய்யும்போது வலி குறையும், தசை அதற்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். வலி இல்லாமலேயே மாசக்கணக்கில் பலம் ஏறிக்கொண்டிருக்கும். நோட்டைப் பாருங்கள். போன மாசம் 40 கிலோ 8 தடவை, இந்த மாசம் 45 கிலோ 8 தடவை என்று இருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. நோட்டே இல்லாதவரிடம் நான் என்ன பேச?

சேந்த மொத மாசம் வெயிட்டு சரசரன்னு ஏறுச்சு. ஆனா கண்ணாடில பாத்தா அதே ஒடம்புதான் இருக்கு. ஏன்?

முதல் சில வாரம் ஏறுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துடையது. இருக்கிற தசை நார்களில் அதிகம் பேரை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிட மூளை கற்றுக்கொள்கிறது, அசைவும் படிந்துவிடுகிறது. தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு பருக்க ரெண்டு மூணு மாசம் ஆகும். முதல் மாச வேகமே நிலைக்கும் என்று நினைத்து, அது குறைந்ததும் ஜிம்மை மாற்றுகிறவர்களையும் புரோட்டின் பவுடரை மாற்றுகிறவர்களையும் நிறையப் பார்க்கிறேன்.

ஒரே சதையை எத்தனை நாளைக்கு ஒருக்கா அடிக்கலாம்? தெனமும் செஸ்ட் பண்ணா சீக்கிரம் வருமா?

வராது. முதல் பதிலில் சொன்ன 48 மணி நேரத்தை மனசில் வையுங்கள். ஒரு தசைக்கு வாரம் ரெண்டு தடவை, நடுவில் ரெண்டு நாள் இடைவெளி என்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். ஒரு தசைக்கு வாரத்துக்கு மொத்தம் 10 செட்டுக்குக் (நடுவில் நிறுத்தாமல் எட்டு, பத்து தடவை தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) குறையாமல் இருந்தால் நல்ல வளர்ச்சி கிடைக்கும். புதிதாக வந்தவருக்கு அதில் பாதி போதும். அந்தப் பத்தையும் திங்கட்கிழமையே கொட்டித் தீர்ப்பதைவிடத் திங்கள் ஐந்து, வியாழன் ஐந்து என்று பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தரமாக வரும்.

செட்டுக்கு நடுவே போனைப் பார்ப்பதை நான் திட்டுவேன், உட்கார்ந்திருப்பதைத் திட்டமாட்டேன். ஸ்குவாட் (பாரத்தோடு போடும் பஸ்கி), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) போன்ற பெரிய பயிற்சிகளுக்கு 2 முதல் 3 நிமிஷம் ஓய்வு வேண்டும். ஒரு நிமிஷத்தில் அடுத்த செட்டுக்குப் பாய்ந்தால் மூச்சு வாங்கும், வியர்க்கும், நிறைய வேலை செய்த மாதிரி இருக்கும், ஆனால் தூக்குகிற எடை குறைந்துவிடும். எல்லா செட்டிலும் கை உதறி விழுகிற வரை போக வேண்டியதும் இல்லை. இன்னும் ரெண்டு தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்தினாலும் ஏறத்தாழ அதே வளர்ச்சிதான், ஆனால் களைப்பு குறைவு.

புரோட்டின் எவ்ளோ சாப்புடணும்? ஒருத்தர் 200 கிராம்ங்கிறாரு, எங்க அம்மா எதுக்குடா இதெல்லாம்ங்கிறாங்க.

சாதாரண ஆளுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைப்பது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். கடும் பயிற்சி செய்கிறவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கிலோவுக்கு 1.6 கிராம் வரை போனால் பலன் இருக்கிறது, அதற்குமேல் போனால் பெரிதாகக் கூடவில்லை என்று தெரிந்தது. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். 200 கிராம் தேவையில்லை.

அந்த 96 கிராம் நம் வீட்டுச் சாப்பாட்டில் எப்படி வரும் என்று பாருங்கள். நாலு முட்டை 24. மத்தியானம் குழம்பில் 150 கிராம் மீனோ கோழியோ இருந்தால் 30. பால், தயிர், மோர் எல்லாம் சேர்த்து அரை லிட்டர் பால் கணக்கு என்றால் 16. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் 10. மூணு வேளை இட்லி, சோறு, சாம்பாரில் 15. ஆகமொத்தம் 95. வாரம் ஒரு நாள் கறியை அள்ளிச் சாப்பிட்டு மற்ற ஆறு நாள் ரசமும் அப்பளமும் என்றிருப்பதுதான் நம் ஊரில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கறி வியாழக்கிழமை பயிற்சிக்கு உதவாது. வேளைக்கு 20, 30 கிராமாகத் தினமும் போய்ச் சேர வேண்டும்.

முடிச்சு அரை மணி நேரத்துல பவுடர் குடிக்கலைன்னா எல்லாம் வீணாமே?

அரை மணி நேரக் கெடு என்பது வியாபாரப் பேச்சு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் புரதமுள்ள ஒரு சாப்பாடு இருந்தால் போதும், நாள் மொத்தக் கணக்குதான் முக்கியம். பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், மருந்து அல்ல. மேலே சொன்ன கணக்கு சாப்பாட்டிலேயே வருகிறவருக்கு அது வேண்டாம். விடுதியில் தங்கி வெறும் சாம்பார் சாதத்தில் நாள் ஓட்டுகிறவருக்கு ஒரு கரண்டி உதவும். டப்பா வாங்க வசதி இல்லையா? 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் புரதம் இருக்கிறது.

சோத்தைக் கொறைச்சா கொழுப்பு போயி சதை பிரிஞ்சு தெரியும், கட் வரும்ங்கிறாங்க. சோறே வேணாம்னு விட்டுடலாமா?

கடும் பயிற்சிக்கு எரிபொருள் தசைக்குள் சேமித்திருக்கும் கிளைகோஜன். அது பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. ஒரு நாள் கடுமையாகச் செலவழித்துவிட்டால் திரும்ப நிரம்ப ஒரு நாள் ஆகும், அதுவும் சோறு போதுமான அளவு சாப்பிட்டால்தான். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு சோற்றுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சோறு மலையாகவும் மீன் துண்டு மருந்துக்கும் என்று இருக்கும் இலைதான் பிரச்சினை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் முட்டையோ பருப்போ வையுங்கள். தொப்பை உள்ளவர் மொத்தச் சாப்பாட்டை மெல்லக் குறைக்கலாம், ஒரேயடியாகப் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

காலையில் பழைய சோறும் மோரும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர் தாராளமாக வரலாம். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் இருக்கின்றன. புரதம் மட்டும் குறைவு.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன். ஒரு மண்டலம் முட்டை கறி இல்லாம இருந்தா ஏத்துன ஒடம்பு போயிடுமா?

போகாது. சம்பா வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்து எடுக்கிற ஊர் நம்முடையது, சைவப் புரதத்துக்கா பஞ்சம்? 100 கிராம் பாசிப்பயறில் 24 கிராம், நிலக்கடலையில் 25, கொள்ளில் 22. சோயாவும் பாலும் பன்னீரும் இருக்கின்றன. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் குறை தீரும். அளவில் மட்டும் கொஞ்சம் கூட வையுங்கள். விரத நாளில் உடம்பு இளைப்பது பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாட்டினாலும் அதிகாலைக் குளியலுக்காக விட்ட தூக்கத்தினாலும்தான், கறி இல்லாததால் அல்ல.

நோன்பு மாசத்துல வொர்க்-அவுட் பண்ணலாமா? எந்த நேரம்? (கூத்தாநல்லூர்த் தம்பி ஒருவர் வருஷா வருஷம் கேட்பது)

பண்ணலாம். பாரத்தைக் குறைக்காமல் செட்டைக் குறையுங்கள், வழக்கத்தில் பாதி போதும். நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்தோ செய்வது நல்லது. அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டே செய்ய முடியும். நோன்புக் கஞ்சி நல்ல ஆரம்பம், ஆனால் அதோடு வடை சமோசாவில் வயிற்றை நிரப்பாமல் கறி, முட்டை, பயறு ஏதாவது சேருங்கள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் புரதம் வேண்டும். அந்த மாசத்தில் புதிய எடை ஏற்ற முயல வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினாலே வெற்றி.

ராத்திரி பன்னெண்டுக்குதான் படுக்குறேன், காலைல நாலரைக்கு கிரவுண்டுக்கு வந்துடுறேன். ஒடம்புக்கு அது பத்தாதா?

பத்தாது. இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை கேள்விகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஆனால் பவுடரைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் தூக்கத்தைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார். வயது வந்தவருக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோனின் பெரும் பகுதி இரவின் முதல் பாதியில், ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. 2021-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்குத் தசையில் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்தது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் குறைந்து, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியது. நாலரை மணி நேரத் தூக்கம் அவ்வளவு மோசமில்லைதான், ஆனால் அது தினமும் தொடர்கிறதே.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. டிகிரி காபியை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், சாயந்தரம் ஏழு மணிக் காபி நடுராத்திரியிலும் உள்ளே இருக்கும். வாய்க்கால் ஓரத்து வீடு என்றால் கொசுவலை கட்டுங்கள். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே படுத்திருந்தால் அது தூக்கக் கணக்கில் சேராது. மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயர முடிந்தால் அதுவும் லாபம். பத்து மணிக்குப் படுக்கவே வழியில்லை என்பவர் காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கை புடிச்சிக்கிட்டா நல்லெண்ணெய் தேச்சு உருவி விடலாமா? ஐஸ் வெக்கலாமா? ஸ்ட்ரெச்சிங் பண்ணா வலி வராதா?

பயிற்சி வலிக்கு மெதுவாக எண்ணெய் தேய்த்து உருவுவது சுகம் தரும், வலியும் கொஞ்சம் குறையும். தசை அதனால் வேகமாக வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். ஸ்ட்ரெச்சிங் செய்தால் உடம்பு வளையும், ஆனால் மறுநாள் வலியைத் தடுப்பதில் அதன் பங்கு மிகச் சொற்பம் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. லேசான நடையும் சைக்கிளும் அதைவிட மேல்.

சுளுக்கு வேறு விஷயம். ஓடும்போது தொடையின் பின்புறம் 'பட்'டென்று பிடித்து, ஒரே இடத்தில் குத்தி வலித்து, வீங்கி, கருநீலமாகிறதா? அது நார் கிழிந்தது. முதல் ரெண்டு மூணு நாள் அந்த இடத்தை யாரிடமும் கொடுத்து உருவ விடாதீர்கள், உள் ரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது, அப்புறம் டாக்டர்.

ஐஸ் தண்ணீரில் உட்கார்வது இப்போது பசங்களிடம் மோகமாகிவிட்டது. பொங்கல் கபடியில் ஒரே நாளில் நாலு மேட்ச் என்றால் உட்காருங்கள், அடுத்த மேட்சுக்கு உடம்பு லேசாக இருக்கும். தசை வளர்க்கும் காலத்தில் வேண்டாம். 2015-இல் ஆஸ்திரேலியாவில் 12 வாரம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் 10 நிமிஷம் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு, லேசாக சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசையும் பலமும் குறைவாகவே கூடின.

வலி மாத்திரை போட்டுக்கிட்டு அடுத்த நாளும் பண்ணலாமா?

வழக்கமாக்காதீர்கள். ஸ்வீடனில் இளவயதினருக்கு 8 வாரம் தினமும் 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் தசை வளர்ச்சி ஏறக்குறைய பாதிதான் வந்தது. என்றைக்கோ ஒரு மாத்திரையால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் இந்த ரக மாத்திரைகள் கிட்னியை நேராகத் தாக்கும். டைக்ளோஃபினாக்கும் இதே ரகம்தான்.

சித்திரை வெயில்ல ஒண்ணுமே தூக்க முடியல. ஒடம்பு வீக் ஆயிடுச்சா?

உடம்பு வீக் ஆகவில்லை, வியர்வை காயாததுதான் காரணம். டெல்டாவில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது வெறுமனே வழிந்தோடும். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே ஆட்டத்தில் தெரியும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோதான், ஒரு மணி நேர ஓட்டத்தில் போய்விடும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அதனால் வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. கோடை தொடங்கும்போது பத்துப் பதினைந்து நாள் பயிற்சியைக் குறைத்துச் செய்தால் உடம்பு வெயிலுக்குப் பழகிவிடும்.

கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறேன். அதுவே எக்சர்சைஸ்தானே, ஜிம்முக்கும் வரணுமா?

சீசனில் அதுவே பயிற்சிதான், அதுவும் பெரும்பயிற்சி. மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை மாறினால் நாலு டன். அன்றைக்குச் சாயந்தரம் ஜிம்முக்கு வந்து ஸ்குவாட் அடித்தால் நான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் மூட்டை என்றைக்கும் 40 கிலோதான். உடம்பு அதற்குப் பழகியபின் பலம் கூட வேண்டிய காரணம் இல்லாமல் போகிறது, தேய்மானம் மட்டும் தொடர்கிறது. பெரும்பாலும் ஒரே தோள், ஒரே பக்கம். அதனால் குறுவை, சம்பா கொள்முதல் நடக்கும் மாசங்களில் வாரம் ஒரு நாள், வழக்கமான செட்டில் மூன்றில் ஒரு பங்கு செய்தால் போதும், இருக்கும் பலம் நிற்கும். சீசன் முடிந்ததும் முழுப் பயிற்சிக்கு வாருங்கள், முக்கியமாக முதுகுக்கும் மறுபக்கத் தோளுக்கும். சீசனில் சோற்றில் கஞ்சத்தனம் கூடாது.

போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரும் ஓடணும், கயிறும் ஏறணும். ரெண்டையும் ஒண்ணா பண்ணா ஒண்ணு கெடுமா?

கொஞ்சம் இழுபறி இருக்கிறது. 1980-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், கடும் ஓட்டத்தையும் கடும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் சில வாரம் பலம் நன்றாக ஏறி, பிறகு நின்று, இறங்கவும் ஆரம்பித்தது. அவர்கள் செய்தது மிக அதிகம். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. காலையில் ஓட்டம், சாயந்தரம் எடை என்று ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வேக ஓட்டமும் கால் பயிற்சியும் ஒரே நாளில் வந்தால் மறுநாள் கால் முழு ஓய்வில் இருக்கட்டும். தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானத்தில் தினமும் முழு வேகத்தில் ஓடுகிற பசங்களைப் பார்க்கலாம். வாரம் ரெண்டு நாள் வேகம், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடும் நிதானம் என்பதுதான் சரியான விகிதம்.

கயிற்றுக்குப் பிடியும் முதுகும் வேண்டும், உடல் எடையும் கூடக் கூடாது. புல்-அப்ஸ்தான் வழி.

பொண்ணுங்க வெயிட் தூக்குனா பீரியட்ஸ் கெடுமா? எனக்கு ரொம்ப நாளா பலமே ஏற மாட்டேங்குது சார்.

தூக்குவதால் கெடாது. செய்கிற பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாவிட்டால் கெடும். ரெண்டு மூணு மாசம் மாதவிலக்கு வராமல் நின்றால் அது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி, டாக்டரைப் பாருங்கள். தாங்கள் தொடங்கிய இடத்தோடு ஒப்பிட்டால் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பலம் ஏறுகிறது.

பலமே ஏறவில்லை, படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எங்கப்பாவுக்கு 64 வயசு. இனிமே அவருக்கெல்லாம் சதை வளருமா?

வளரும். 1990-இல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதானவர்களுக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. வயதானால் இடைவெளி கூட வேண்டும், ஒவ்வொரு வேளையும் புரதமும் சற்றுக் கூட வேண்டும். ராத்திரி ரெண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் பழக்கத்தை மாற்றுங்கள். சுகர் மருந்தோ இன்சுலினோ எடுத்தால் வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம்.

கிரியேட்டின் கிட்னியைக் கெடுக்கும்ங்கிறாங்களே?

கிரியேட்டின் என்பது பலத்துக்காகச் சாப்பிடும் ஒரு பவுடர். ஆரோக்கியமான கிட்னிக்கு, தினமும் 3 முதல் 5 கிராம் என்ற அளவில் கெடுதல் இல்லை என்று நீண்ட கால ஆய்வுகள் சொல்கின்றன. கடையில் விற்பவற்றில் பலன் உறுதியாகத் தெரிகிற வெகு சிலவற்றில் இது ஒன்று. பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரியேட்டின் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில், கிட்னியின் நிலையைப் பார்க்க எடுக்கும் 'கிரியேட்டினின்' என்ற வேறொரு பொருளின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும். டெஸ்ட் எடுக்கும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கிட்னி கோளாறு உள்ளவர் தொட வேண்டாம். முதல் வாரத்தில் ஒரு கிலோ எடை கூடினால் அது தசைக்குள் போன தண்ணீர்.

ஒரு ஃப்ரெண்டு ஊசி போட்டு மூணு மாசத்துல ஏத்திட்டான். ஒரே ஒரு கோர்ஸ் போட்டா என்ன?

ஏறும், பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊசி ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் ரகம். வெளியிலிருந்து அது வந்ததும் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பாது. நல்ல கொலஸ்டிரால் சரியும், இதயத் தசை தடிக்கும். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போகிற வரை பலருக்கு இது புரிவதில்லை.

இன்னும் ரெண்டு சரக்கு சுற்றுகிறது. ஒன்று மெஃபென்டெர்மின் ஊசி. ஆபரேஷனின்போது இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்ற டாக்டர்கள் போடுவது, பயிற்சிக்கு முன் போட்டுக்கொண்டால் இதயம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று 'உடம்பு ஏறும் மாத்திரை'. அந்தப் பெயரில் விற்பவற்றில் அழற்சியைக் குறைக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து கலந்திருப்பது உண்டு. முகம் உப்பும், எடை ஏறும், ஆனால் அந்த மருந்து தசையைக் கரைக்கும்.

வாரம் ஒரு நாள் சரக்கு அடிச்சா பாதிக்குமா?

அளவைப் பொறுத்தது. பயிற்சி முடித்ததும் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் மது கொடுத்துப் பார்த்தபோது, கூடவே புரதம் கொடுத்தும் தசை கட்டும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய ஒன்றரைக் குவார்ட்டர். தூக்கமும் கெடும், அந்தக் கணக்கு தனி.

ரெண்டு மாசமா அதே வெயிட்லயே நிக்கிறேன். இன்னும் ரெண்டு நாள் சேத்து வரட்டுமா?

பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும். முதலில் தூக்கம், புரதம், செட் கணக்கு என்று மேலே சொன்ன மூன்றையும் நேர்மையாகச் சரிபாருங்கள். மூன்றும் சரி என்றால் ஒரு வாரம் செட்டைப் பாதியாக்குங்கள். களைப்பு மூடி வைத்திருந்த பலம் அடுத்த வாரம் வெளியே வரும். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருப்பது, காரணமில்லாத எரிச்சல், பசியின்மை, அடிக்கடி சளி இதெல்லாம் சேர்ந்தே வந்தால் களைப்பு குவிந்திருக்கிறது. வீட்டுப் பிரச்சினையும் கடன் கவலையும் இதே கணக்கில்தான் சேரும்.

கேப் விட்டுட்டு வந்து ஒரே நாள்ல 500 பஸ்கி போட்டேன். தொடை வீங்கி, மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல போகுது. தண்ணி குடிச்சா சரியாயிடுமா?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தசை நார்கள் பெருமளவில் உடைந்து மயோகுளோபின் என்ற பொருள் ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கிறது. பெயர் ராப்டோமயோலிசிஸ். சாதாரண வலியில் மூத்திரத்தின் நிறம் மாறாது. மாத்திரை போட்டு வீட்டில் படுக்கக் கூடாது, ஏன் என்பது வலி மாத்திரைப் பதிலில் இருக்கிறது. தண்டனை என்று நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச் சொல்லும் பயிற்சியாளர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடைவெளி விட்டவர் பயப்படத் தேவையில்லை. மூணு வாரம் வரை பலம் அதிகம் போகாது, மூச்சுத் திறன்தான் முதலில் இறங்கும். ரெண்டு மாசம் ஆகியிருந்தாலும், முதன்முதல் ஏறியதைவிட வேகமாகத் திரும்பிவிடும். பழைய எடையில் பாதியில் தொடங்குங்கள்.

அடுத்த வாரம் பிசிக்கல் டெஸ்ட். கடைசி வாரம் ஃபுல்லா போட்டுத் தாக்கிடவா?

அந்த வாரத்தில் செய்கிற பயிற்சியின் பலன் தேர்வு முடிந்தபின்தான் வரும், களைப்பு மட்டும் தேர்வன்றே வந்து நிற்கும். செட்டையும் ஓடும் தூரத்தையும் பாதியாகக் குறையுங்கள், வேகத்தையும் எடையையும் குறைக்காதீர்கள். கயிறு கடைசியாக மூன்று நாளுக்கு முன் ஏறுங்கள், உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தால் ஆற நேரம் வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் புதுச் சாப்பாடு, புது ஷூ எதுவும் வேண்டாம். வெளியூர் மைதானம் என்றால் முந்தின நாள் சாயந்தரமே போய்ச் சேர்ந்துவிடுங்கள். நடுராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கி விடியற்காலையில் வரிசையில் நிற்கும் பசங்களை ஒவ்வொரு தேர்விலும் பார்க்கிறேன்.